பாயன்சிக்கு ஒரு சொல்: ‘வரி ஈடுகொடுப்பு’

அனைவருக்கும் வணக்கம்.

‘டாக்ஸ் பாயன்சி’ (tax buoyancy) என்ற பொருளியல் சொல்லுக்குத் தமிழ் தேடி நாம் இங்கே நடத்திவரும் பேச்சில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: வரி மிதப்பு, வரி எழுச்சி, வரி உடன்வளர்ச்சி. கோத்தகிரியில் குரூப் 1, குரூப் 2 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன். பட்ஜெட் பாடம் எடுக்கும்போதெல்லாம் இந்தச் சொல் இல்லாமல் திணறுகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கருத்து. மொத்த மாநில உள்நாட்டு உற்பத்தி ஓராண்டில் 12 விழுக்காடு வளர்கிறது, மாநிலத்தின் சொந்த வரி வருவாய் 9 விழுக்காடு வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதைப் பன்னிரண்டால் வகுத்தால் 0.75. அதுதான் பாயன்சி. பொருளாதாரம் போகிற வேகத்துக்கு வரி கூடவே வருகிறதா, பின்தங்குகிறதா என்று சொல்லும் எண். ஒன்றுக்கு மேல் இருந்தால் வரி முந்துகிறது. கீழே இருந்தால் பிந்துகிறது.

மிதப்பு என்பது இயற்பியலுக்குச் சரி. மிதப்பு விசை என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆனால் வகுப்பில் ‘வரி மிதப்பு’ என்று பலகையில் எழுதியதும் ஒரு பெண் எழுந்து, “சார், மிதப்புல சுத்துறான்னு சொல்வோமே, அந்த மிதப்பா?” என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே குழம்பித்தான் கேட்டாள். தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்று முந்தி நிற்கிற பொருள் அதுதான். எழுச்சி என்றால் மேலே போவது மட்டும், ‘எழுச்சி 0.75’ என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. உடன்வளர்ச்சி மூன்றிலும் நல்ல சொல். இந்தப் பேச்சில் மதுரையிலிருந்து எழுதும் ஐயா அதைச் சொன்னபோது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் உடன் என்றாலே சேர்ந்து வந்துவிட்டது என்று ஆகிவிடுகிறது. நாம் கேட்பதே சேர்ந்து வந்ததா என்றுதானே?

எனக்குச் சொல் கிடைத்தது எங்கள் ஊர் தேயிலை எடைபோடும் இடத்தில். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். பாக்டரி வண்டி வந்து நிற்க, தராசுக் கொக்கியில் பச்சை இலை மூட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். மருமகள் மூட்டையை இறக்கி எடைபோட்டு, சீட்டும் வாங்கிவிட்டாள். மாமியார் அப்போதுதான் மேடேறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, “இவ நடைக்கு என்னால ஈடுகொடுக்க முடியலப்பா” என்றார். அங்கேயே அதை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டேன். மருமகள் முன்னே போகிறாள், மாமியார் எவ்வளவு பின்னால் வருகிறார் என்பதுதான் நாம் அளக்கிற விஷயம்.

ஆகவே என் பரிந்துரை: வரி ஈடுகொடுப்பு. “இந்த ஆண்டு வரி ஈடுகொடுப்பு 0.75” என்று எழுதினால் படிப்பவருக்கு விளக்கமே வேண்டாம்.

அந்த மூட்டையில் இருந்த இலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பதப்படுத்தாத பச்சைத் தேயிலைக்கு ஜிஎஸ்டி கிடையாது. தூளானபின் 5 விழுக்காடு. குன்னூர் ஏலத்தில் விலை ஏறினால் மாநில உற்பத்திக் கணக்கும் ஏறும். ஆனால் ஜிஎஸ்டி நுகரும் இடத்துக்குப் போகிற வரி. தூள் வேறு மாநிலத்துக்குப் போனால் மாநிலப் பங்கு அந்த மாநிலத்துக்கு. ஏற்றுமதியானால் வரியே இல்லை. மலையில் வருமானம் வளர்ந்தும் தமிழ்நாட்டு வரி ஈடுகொடுக்காததற்கு இதைவிடக் கிட்டத்தில் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பெட்ரோல் இன்னொரு மாதிரி. 2020 மே மாதம் வரை தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 34 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி. அந்த மாதம் அதை 15 விழுக்காடும் லிட்டருக்கு 13.02 ரூபாயும் என்று மாற்றினார்கள். விலை விழுந்திருந்த நேரத்தில் அந்த நிலையான தொகை வருவாயைக் காப்பாற்றியது. ஆனால் விலை ஏறும்போது அது அசையாது, லிட்டர் கூடினால்தான் கூடும். அப்புறம் 2021 ஆகஸ்ட் திருத்திய பட்ஜெட்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று அரசே சொன்னது. இப்படி விகிதத்தை மாற்றியதால் வரும் ஏற்ற இறக்கமும் பாயன்சி எண்ணுக்குள் சேர்ந்துவிடும்.

இங்கேதான் கோவையிலிருந்து எழுதும் தங்கை இதே பேச்சில் கேட்ட கேள்வி வருகிறது: நெகிழ்ச்சி என்றே சொல்லிவிட்டால் என்ன? கூடாதம்மா. விகிதத்தில் கை வைக்காமல் இருந்திருந்தால் வரி எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று கணக்கிடுவது எலாஸ்டிசிட்டி. அதற்கு ‘தேவை நெகிழ்ச்சி’ போல ‘வரி நெகிழ்ச்சி’ ஏற்கெனவே பொருந்தி நிற்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் மதிப்பீடே தப்பிப் போகும். வரி கூட்டிய ஓராண்டில் எண் 1.1 வந்தது என்று வையுங்கள். அடுத்த ஆண்டு உற்பத்தி 14 விழுக்காடு வளரும் என்று எதிர்பார்த்து, அதே 1.1ஆல் பெருக்கினால் வருவாய் 15.4 விழுக்காடு கூடும் என்று வரும். வரி கூட்டாமல் கிடைக்கக்கூடியது 0.9தான் என்றால் 12.6. ஒரு லட்சம் கோடி ரூபாய் வருவாயில் அந்த வித்தியாசம் 2,800 கோடி. அந்தத் தொகைக்கும் சேர்த்துச் செலவுகளை ஒதுக்கியிருப்பார்கள். திருத்திய மதிப்பீட்டில் எங்கே வெட்டுவது என்று தேடும்போதுதான் தெரியும்.

மதுரை ஐயா ஒரு மறுப்புச் சொல்வார் என்று எனக்குத் தெரியும்: ஈடு என்றால் இழப்பீடும் ஆகும், அடமானமும் ஆகும். நியாயம்தான். அதுவும் 2017 ஜூலை முதல் 2022 ஜூன் வரை ஜிஎஸ்டி இழப்பீடு பற்றியே பேசிக்கொண்டிருந்த துறை இது. மாநிலத்தின் ஜிஎஸ்டி வருவாய் ஆண்டுக்கு 14 விழுக்காடு வளராவிட்டால் குறைவதை ஒன்றியம் ஈடுகட்டும் என்ற ஏற்பாடு. ஆனால் தமிழில் இங்கே பொருளைத் தீர்மானிப்பது வினை. ஈடு வைப்பது வேறு, ஈடுகட்டுவது வேறு, ஈடுகொடுப்பது வேறு. பேச்சில் யாரும் இவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை. ஒரே நிபந்தனை, சேர்த்தே எழுத வேண்டும். ‘ஈடு கொடுப்பு’ என்று பிரித்தால் நட்டஈடு கொடுப்பதாகிவிடும்.

தேயிலைத் துளிரை வைத்து ‘வரித் துளிர்ப்பு’ என்றும் யோசித்தேன். மழைக்குப் பின் செடி துளிர்ப்பது கண்ணுக்கு அழகு, சொல்லும் அழகு. ஆனால் ஒன்றுக்குக் கீழே இருக்கும் எண்ணை அது சொல்லாது. விட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்று மட்டும் தீரவில்லை. ‘பாயன்ட் டாக்ஸ்’ என்று பெயரடையாக வரும்போது ‘ஈடுகொடுக்கும் வரி’ என்று எழுதிப் பார்த்தேன், சரியாகவே இருக்கிறது. அட்டவணைத் தலைப்பில் மட்டும் நீளம் இடிக்கிறது. அங்கே ‘ஈடு விகிதம்’ என்று சுருக்கினால் மறுபடியும் இழப்பீட்டு வாடை வந்துவிடுகிறது. ‘ஈ.கொ. எண்’ என்று போடலாமா? கருவூலத்திலோ கணக்குத் தணிக்கையிலோ வேலை பார்ப்பவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து