ஐஸில் ஆடும் ஆண்கள்: நீங்கள் எங்கே மாட்டிக்கொண்டீர்கள்?

வெள்ளவத்தையிலிருந்து:

ஐஸில் சுழன்று குதிக்கும் ஃபிகர் ஸ்கேட்டிங் பைத்தியத்தில் நான் மாட்டிக்கொண்டது 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில். கொரியாவுக்கும் நமக்கும் மூன்றரை மணித்தியால வித்தியாசம்தானே, காலைத் தேத்தண்ணியோடு பார்க்கலாம். முதலில் வரும் குறு ஆட்டமான ஷார்ட் புரோகிராமில் விழுந்தெழும்பி 17ஆம் இடத்தில் கிடந்த அமெரிக்காவின் நேதன் சென், அடுத்து வரும் நீள ஆட்டமான ஃப்ரீ ஸ்கேட்டில் ஆறு குவாட் போட்டார், அதாவது அந்தரத்தில் நான்கு சுற்றுச் சுற்றும் குதி. அந்த ஆட்டத்துக்கு மட்டும் 215.08 புள்ளி. தங்கம் வென்ற ஜப்பானின் யுசுரு ஹன்யுவுக்கே ஃப்ரீ ஸ்கேட்டில் அவ்வளவு கிடைக்கவில்லை. என்ன செய்வது, மொத்தத்தில் சென்னுக்கு 5ஆம் இடம்தான். தோற்றவரின் ஆட்டம் மனதில் இருந்து போகவேயில்லை.

அப்பா கிரிக்கெட் தவிர வேறெதையும் மதிக்காதவர். மினுங்கும் சட்டையைக் கண்டதும், "இதென்ன கூத்து?" என்றார். அப்புறம் ஸ்லோ மோஷன் வந்தது. கால் ஐஸில் படும் இடத்தில் படத்தை நிறுத்தி, சுற்றில் கால்வாசி குறைந்ததா, அரைவாசி குறைந்ததா என்று பார்த்துப் புள்ளி வெட்ட ஒரு குழுவே இருக்கிறது என்றேன். "ஓ, தேர்ட் அம்பயரும் இருக்கிறாரா!" என்று கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர்தான். இப்போது என்னைவிட அவர்தான் கண்டிப்பு. யார் குதித்தாலும் "சுத்து காணாது" என்பார். பாதி நேரம் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும், அதுதான் எரிச்சல்.

எனக்கோ குவாட்டை எண்ணுவதைவிட அது எப்படி இறங்குகிறது என்பதில்தான் பைத்தியம். ஹன்யுவின் டிரிப்பிள் ஆக்சலைப் பாருங்கள், முன்பக்கம் பார்த்துக் குதித்து மூன்றரைச் சுற்றுச் சுற்றும் குதி அது. மற்றவர்கள் நீளமாக வழுக்கி வந்து, தோளைத் தயார்படுத்திக்கொண்டு குதிப்பார்கள். இவர் கால்வேலையின் நடுவிலேயே சட்டென்று பாய்வார். வலது காலின் வெளிவிளிம்பு ஐஸைத் தொடும்போதும் வேகம் குறையாது. அதே வேகத்தில் அடுத்த திருப்பத்துக்குப் போய்விடுவார்.

2022 பீஜிங்கில் அதே மனிதரின் சப்பாத்துப் பிளேட், ஷார்ட்டில் ஐஸில் இருந்த குழியில் மாட்டியது. நான்கு சுற்று வரவேண்டிய சல்கோ என்ற குதி ஒற்றைச் சுற்றாகி, 8ஆம் இடம். ஃப்ரீயில் அவர் பாதுகாப்பாக ஆடியிருக்கலாம். ஆனால் ஒலிம்பிக்கில் யாரும் இறங்கிக் காட்டாத குவாட் ஆக்சலை எடுத்தார். முன்பக்கம் பார்த்துக் குதிப்பதால் அது நாலரைச் சுற்று. விழுந்தார். அப்பா வாயைத் திறக்கும் முன் நான் எழுந்து குசினிக்குப் போய்விட்டேன். ஹன்யுவுக்கு 4ஆம் இடம். அந்தக் குதியை அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் லேக் பிளாசிட்டில் அந்நாட்டு இலியா மலினின் விழாமல் இறக்கினார். சரி, அவர் பெரிய ஆள்தான். ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த விழுந்த ஆட்டத்தைத்தான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

விழுந்ததைப் போய் இப்படிக் கொண்டாடுகிறீர்களே! நான் இன்னொரு ஜப்பான்காரர் ஷோமா ஊனோவின் கட்சி. 2022 மார்ச், பிரான்ஸின் மொன்பெல்லியேயில் உலகப் போட்டி. இங்கே மின்வெட்டுக் காலம், ரவுட்டரும் படுத்துவிட்டது. போன் டேட்டாவில்தான் பார்த்தேன். குதித்தவர் அந்தரத்திலேயே நின்றுவிட்டார். படம் அசைந்தபோது அவர் மைதானத்தின் மறுகோடியில். விழுந்தாரா, இறங்கினாரா? ஒன்றும் தெரியாது. புள்ளி வந்த பிறகுதான் மூச்சு வந்தது. இரண்டு வெள்ளிக்குப் பிறகு அவருடைய முதல் உலகத் தங்கம். முழு ஆட்டத்தையும் மறுநாள் கரண்ட் இருந்த நேரத்தில் பார்த்தேன். அந்த மெத்தென்ற முழங்கால்களை வேறு யாரிடமும் காணமுடியாது. ஃபிளிப் என்ற குதியை நான்கு சுற்றாக, குவாட் ஃபிளிப்பாகப் போட்டியில் முதலில் இறக்கியவரும் இவர்தான், 2016இல்.

தெஹிவளையிலிருந்து:

டெனிஸ் டென்னை ஒருவரும் சொல்லவில்லையே? கசகஸ்தான் பையன், 2014 சோச்சியில் வெண்கலம். 2018 ஜூலையில் அல்மாட்டியில், காரின் கண்ணாடியைத் திருடியவர்களைத் தடுக்கப்போய்க் குத்துப்பட்டு இறந்தபோது வயது 25. சோல் நகரில் நடந்த 2015 நான்கு கண்டப் போட்டியில் அவருடைய ஃப்ரீ ஸ்கேட்டைத் தேடிப் பாருங்கள். வெள்ளவத்தை அப்பாவையும் பக்கத்தில் இருத்துங்கள், என்ன சொல்கிறார் பார்ப்போம்.