ரீஃபண்டில் பழைய டிமாண்டைக் கழிக்கப் போகிறார்களாம்: 245 நோட்டீஸுக்கு என்ன பதில் போடுவது?

திருச்சி_சம்பளக்காரன்:
இந்த வருடம் 41,300 ரூபாய் வருமான வரி ரீஃபண்ட் வரவேண்டும். 2014-15 மதிப்பீட்டு ஆண்டுக்கு 18,740 ரூபாய் வரி பாக்கி (டிமாண்ட்), அதைக் கழிக்கப் போகிறோம் என்று வருமான வரிச் சட்டப் பிரிவு 245-இல் சிபிசி (ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் வரித்துறை மையம்) மெயில் அனுப்பியிருக்கிறது. அப்போதைய கம்பெனி டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) பிடித்ததற்கு அவர்கள் கொடுத்த ஃபார்ம் 16 சான்று இருக்கிறது. வரித்துறைக் கணக்கில் ஏறிய வரியைக் காட்டும் 26ஏஎஸ்-இல் அந்தத் தொகை இல்லை. சும்மா விட்டால் என்ன ஆகும்? கிரெடிட் கார்டு பாக்கியையும் இதில் பிடிப்பார்களா?

சலான்280:
சும்மா விடாதீர்கள். 21 நாளுக்குள் பதில் இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கழித்துவிடுவார்கள். முன்பு 30 நாள் இருந்தது, 2022 நவம்பரில் குறைத்துவிட்டார்கள்.

வருமான வரி போர்ட்டலில் பெண்டிங் ஆக்‌ஷன்ஸ், அதற்குள் ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட். 'டிமாண்ட் சரி' என்று கொடுத்தால் பிறகு மறுக்க வழியில்லை, கை பதறி அழுத்திவிடாதீர்கள். 'டிஸ்அக்ரீ' கொடுத்துக் காரணம் சொல்ல வேண்டும். டிமாண்டை ஏற்கனவே கட்டியவர்கள் 7 இலக்க பிஎஸ்ஆர் கோடு (வங்கிக் கிளை எண்), 5 இலக்க சலான் (வரி கட்டிய ரசீது) எண், தேதி, தொகை நான்கையும் போட வேண்டும். இங்கே அதிகம் சொதப்புவது மைனர் ஹெட், அதாவது எந்த வகைக் கட்டணம் என்று சலானில் காட்டும் எண். டிமாண்டுக்கு 400-இல் கட்டணும். 300-இல் (சுய மதிப்பீட்டு வரி) கட்டினால் பணம் போயிருக்கும், டிமாண்ட் அப்படியே நிற்கும். பழைய சலானைத் திருத்த மதிப்பீட்டு அதிகாரியிடம்தான் போகணும்.

ஃபார்ம்16_பார்ட்ஏ:
சார், உங்கள் சிக்கல் வேறு. ஃபார்ம் 16-இன் பார்ட் ஏ (டிடிஎஸ் விவரம் உள்ள பகுதி) வரித்துறையின் டிடிஎஸ் தளமான டிரேசஸிலிருந்து இறக்கியதா, கம்பெனியே டைப் அடித்ததா என்று முதலில் பாருங்கள். கம்பெனியே அடித்தது என்றால் பிடித்த பணத்தைக் கட்டாமலோ, தப்பான பான் போட்டோ விட்டிருக்கலாம்.

பிடித்தும் கட்டாத வரியைத் தொழிலாளியிடம் நேரடியாகக் கேட்கக்கூடாது என்கிறது பிரிவு 205. ரீஃபண்டில் கழிப்பதும் அதைச் சுற்றிவளைத்துக் கேட்பதுதான் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. 'அதர்ஸ்' என்ற காரணத்தில் 205-ஐக் குறிப்பிட்டு ஃபார்ம் 16, பே ஸ்லிப், சம்பளம் ஏறிய வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் இணையுங்கள். பே ஸ்லிப்பில் பிடித்தம் போக வரும் தொகையும் ஸ்டேட்மென்டில் ஏறிய தொகையும் மாதாமாதம் ஒத்துப்போகணும், அதுதான் ஆதாரம்.

'டிஸ்அக்ரீ' கொடுத்தால் டிமாண்ட் அழியாது, அடுத்த ரீஃபண்டிலும் இதே மெயில் வரும். மதிப்பீட்டு அதிகாரிக்குத் தனியாக மனு கொடுத்து டிமாண்டை நீக்கச் சொல்லுங்கள். உத்தரவில் உள்ள பிழையைத் திருத்தக் கேட்கும் பிரிவு 154-க்கு 4 வருடக் கெடு. உங்களுக்கு அது எப்போதோ முடிந்திருக்கும்.

திருச்சி_சம்பளக்காரன்:
டைப் அடித்ததுதான். பழைய டிமாண்டைத் தள்ளுபடி செய்தார்களே, அதில் வராதா?

சலான்280:
வராது. 2024-இல் வந்த தள்ளுபடியில் 2010-11 மதிப்பீட்டு ஆண்டு வரை 25,000, 2011-12 முதல் 2015-16 வரை 10,000 ரூபாய்தான் வரம்பு. ஒவ்வொரு டிமாண்டுக்கும் தனித்தனியாகப் பார்ப்பார்கள், உங்களுடையது 18,740.

கிரெடிட் கார்டுக்கும் 245-க்கும் சம்பந்தமில்லை, அது வரித்துறைக்கு வரவேண்டிய பாக்கிக்கு மட்டும். ஆனால் கார்டு கொடுத்த வங்கியிலேயே ரீஃபண்ட் ஏறினால் வங்கி பிடித்துக்கொள்ள வாய்ப்புண்டு. வேறு வங்கிக் கணக்கை வேலிடேட் செய்து, ரீஃபண்டுக்கு அதை நாமினேட் பண்ணிவிடுங்கள்.