சீரியல், சினிமாவில் உங்கள் வேலையைக் காட்டும்போது தலையில் அடித்துக்கொண்டது உண்டா?

நைட்டூட்டி நர்ஸ்:

ஐசியூவில் பத்து வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நேற்று வீக் ஆஃப், சும்மா தூங்காமல் அம்மாவோடு உட்கார்ந்து சீரியல் பார்த்துத் தொலைத்தேன். கதாநாயகியின் புருஷன் படுத்திருக்கிறான். மானிட்டரில் கோடு நேராகப் போய் "டீ..." என்று சத்தம். உடனே டாக்டர் இரண்டு இஸ்திரிப் பெட்டியை உரசுவது மாதிரி உரசி ஷாக் வைக்கிறார், ஆள் ஒரு அடி எம்பி விழுகிறான், ஒன்றும் ஆகவில்லை, அப்புறம் அவள் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுததும் கோடு துள்ள ஆரம்பிக்கிறது. "அம்மா, கோடு நேராகப் போனால் ஷாக்கே கொடுக்க மாட்டோம்" என்றேன். "நீ சும்மா இருடி, டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா" என்று ஒரே போடு.

விஷயம் இதுதான். தாறுமாறாக அதிர்ந்துகொண்டிருக்கும் இதயத்தை ஒரு நொடி அடக்கி, பழைய தாளத்துக்குத் திரும்ப வழிவிடத்தான் ஷாக். அப்போது மானிட்டரில் தெரிவது கோணல்மாணலான நெளிவு. நேர்கோடு என்றால் அடக்குவதற்கு அங்கே எதுவுமே இல்லை. நெஞ்சை அமுக்க வேண்டும், அட்ரினலின் போட வேண்டும். அமுக்குவது என்றால் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 செ.மீ. ஆழம், முழங்கை மடங்கக் கூடாது. இரண்டு நிமிடத்தில் நமக்கே மூச்சு வாங்கும், ஆள் மாற்றிக்கொள்வோம். வயதானவர் என்றால் விலா எலும்பு முறிவது கையிலேயே தெரியும். சீரியலில் சப்பாத்தி மாவு பிசைகிறார்கள். (நடிகரை நிஜமாக அப்படி அமுக்க முடியாது, அது புரிகிறது.)

போன மாதம் ஒருவருக்காக நாற்பது நிமிடம் போராடினோம். அவர் மகன் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "ஷாக்கே வைக்கலையே, பணம் கட்டலைன்னுதானே?" என்று கத்தினார். அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் பார்த்து வளர்ந்தது அதுதானே. 1996-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்க டிவி நிகழ்ச்சிகளில் 97 எபிசோடுகளை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், 60 தடவை சிபிஆர், அதாவது இந்த நெஞ்சை அமுக்கும் சிகிச்சை, வருகிறதாம், மூன்றில் இரண்டு பேர் பிழைத்து வீட்டுக்கே போய்விடுகிறார்கள். நிஜத்தில், ஆஸ்பத்திரிக்குள்ளேயே இதயம் நின்றால்கூட நாலில் ஒருவர் வீடு திரும்பினால் பெரிது.

நாடி பிடித்துப் பார்த்து "நீங்க அம்மாவாகப் போறீங்க" சொல்வதையெல்லாம் விட்டுவிடுகிறேன். உங்கள் வேலையை எப்படிக் காட்டுகிறார்கள்? அதை நம்பி உங்களிடம் வந்து நின்றவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.


பத்திரக்காரன்:

என் கதையைக் கேளுங்கள் சிஸ்டர். பத்திர எழுத்தர், சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே கடை, இருபது வருடத்துக்கு மேல். சீரியலில் வில்லன் பாலில் மயக்க மருந்து கலந்து கொடுத்து, வெற்றுப் பேப்பரில் கைநாட்டு வாங்கி, மறுநாள் காலையில் "இந்த வீடு, மில்லு, தோப்பு எல்லாம் என் பேர்ல, வெளியே போங்க" என்கிறான். அவனை என் கடைக்கு அனுப்புங்கள்.

வீடு, நிலத்தை விற்றால் 1908-ம் வருடப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும். டோக்கன் போட வேண்டும். எழுதிக்கொடுப்பவரோ அவருடைய பவர் ஏஜென்டோ நேரில் வர வேண்டும், கேமராவைப் பார்த்து போட்டோ, கருவியில் விரல் ரேகை, அடையாளம் காட்ட இரண்டு சாட்சிகள். சார்பதிவாளர் முகத்தைப் பார்த்து "நீங்கதான் எழுதிக் கொடுத்தீங்களா, பணம் வந்துடுச்சா?" என்று கேட்பார். முந்தாநாள் ஒரு ஆத்தாவுக்கு விரல் ரேகையே விழவில்லை. ஆயுசு பூரா வயலில் வேலை பார்த்துத் தேய்ந்துபோன விரல். துடைத்து, எண்ணெய் தடவி, திரும்பத் துடைத்து, பத்து நிமிடம் ஆனது. மயக்கத்தில் இருக்கிறவரை எங்கே கூட்டிக்கொண்டு வருவான்? உடம்பு முடியாதவர் என்றால் மனுப் போட்டு, தனிக் கட்டணம் கட்டினால் சார்பதிவாளர் வீட்டுக்கே வருவார், ஆனால் அங்கேயும் இதே கேள்வி உண்டு.

அப்புறம் செலவு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9. ஐந்து கோடி சொத்தைச் சுருட்ட வில்லன் முதலில் 45 லட்சம் கட்ட வேண்டும். குடும்பத்துக்குள் பணம் வாங்காமல் எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்ட் என்றால் குறைவுதான், ஆனால் சித்தப்பா, மாமா எல்லாம் அந்தக் குடும்பக் கணக்கில் வரமாட்டார்கள். சீரியலில் வில்லன் பாதி நேரம் சித்தப்பாதான்!

சிரிப்பு ஒரு பக்கம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், மகன் நீட்டிய முதியோர் பென்ஷன் மனுவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஆறு மாதம் அடம்பிடித்தார், வீட்டை எழுதி வாங்கிவிடுவான் என்று பயம். ஆனால் அதே மனுஷன் முன்பின் தெரியாத ஒரு புரோக்கரை நம்பி, தன் மனைக்குப் பொது அதிகாரப் பத்திரம், அதாவது தன் சார்பில் விற்க அதிகாரம் தரும் பவர், சந்தோஷமாக எழுதிக்கொடுத்திருந்தார். நிஜமான மோசடி அங்கேதான் நடக்கும். பவரில், ஆள்மாறாட்டத்தில், போலித் தாய்ப்பத்திரத்தில். பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் வெள்ளைப் பேப்பருக்குப் பயப்படுகிறார்கள். அவருடைய பவரை ரத்து செய்ய நாங்கள் அலைந்த அலைச்சல் தனிக் கதை.


வாய்தா வக்கீல்:

பத்திரக்காரன் அண்ணன் சொன்னது அப்படியே எங்களுக்கும் பொருந்தும். சுத்தியல் தட்டி "ஆர்டர் ஆர்டர்" சொல்லும் ஜட்ஜை நான் இன்னும் பார்க்கவில்லை. கீதையையும் யாரும் நீட்டுவதில்லை. அதனால் யாருக்கும் நஷ்டமும் இல்லை, போகட்டும். டைவர்ஸ்தான் பெரிய தலைவலி. ஒரு தம்பி வந்தார், "சார், பேப்பர்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு, அடுத்த மாசம் எனக்கு வேற கல்யாணம்" என்றார். கையில் இருபது ரூபாய் முத்திரைத்தாள், நோட்டரி சீல். இந்து திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மதம் என்றாலும் ஒரு வருடம் பிரிந்து இருந்திருக்க வேண்டும், கோர்ட்டில் மனுப் போட வேண்டும், அதன் பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது, ஆனால் கோர்ட் தரும் டிக்ரி, அதாவது விவாகரத்துத் தீர்ப்பாணை, இல்லாமல் ஒன்றும் கிடையாது. அதற்குள் தாலி கட்டினால் அந்தக் கல்யாணம் செல்லாது, கேஸும் வரும். சத்திரத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று என்று என்னிடமே கோபித்துக்கொண்டு போனார்.


எல்பி:

லோகோ பைலட். ஹீரோ தண்டவாளத்தில் நின்று கையை நீட்டினால் பத்தடி தள்ளி வண்டி நிற்கிறது. 110-ல் போகிற எக்ஸ்பிரஸுக்கு எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டுதான் போகும். ஒடித்துத் திருப்ப வண்டியில் ஸ்டீயரிங்கும் இல்லை. பிரேக்கைப் போட்டுவிட்டு ஹாரனை அழுத்திக்கொண்டே பார்த்துக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.


ஷாட் ரெடி:

எல்லோரும் சேர்ந்து அடிக்கிறீர்கள், எங்கள் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். சீரியலில் இணை இயக்குநராக ஆறு வருடம் இருந்தேன். இருபது நிமிடத்துக்கு மேல் ஓடுகிற எபிசோடை ஒரே நாளில் எடுத்து முடிக்க வேண்டும். வசனம் மேக்கப் போடும்போதுதான் வாட்ஸ்அப்பில் வரும். ஒரே பங்களாவில் கீழே ஸ்டேஷன், மேலே ஆஸ்பத்திரி, பால்கனியில் வக்கீல் ஆபீஸ், போர்டை மாற்றினால் முடிந்தது. சிஸ்டர் சொன்ன மானிட்டர் ஒரு டேப்லெட்டில் ஓடும் வீடியோ. அதில் இரண்டே இரண்டு வீடியோதான், ஒன்று துள்ளும், ஒன்று நேராகப் போகும்.

தெரியாமல் செய்கிறோம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு தடவை டாக்டர் நண்பர் ஒருவரிடம் கேட்டு, ஷாக் இல்லாமல் வெறும் சிபிஆர் மட்டும் வைத்து எடுத்தோம், நர்ஸ்கள் ஆள் மாற்றி மாற்றி அமுக்குவது மாதிரி. எனக்கு இன்றும் பிடித்த சீன் அது. எடிட்டில் பார்த்துவிட்டு மேலிடத்தில் கேட்டார்கள், "ஷாக் எங்கப்பா? ஆஸ்பத்திரி மாதிரியே இல்லையே?" மறுநாள் அந்த இஸ்திரிப் பெட்டியை வாடகைக்கு எடுத்து வந்து திரும்ப எடுத்தோம்.


நைட்டூட்டி நர்ஸ்:

ஷாட் ரெடி அண்ணா, அந்த டேப்லெட்டில் நெளிநெளியாக ஓடுகிற மூன்றாவது வீடியோ ஒன்று ஏற்றிக்கொடுங்கள், புண்ணியமாகப் போகும். வேண்டுமானால் நானே அனுப்புகிறேன். எல்பி சார், உங்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, பார்த்துப் போய் வாருங்கள்.

அம்மாவிடம் இந்தப் பதிவு முழுவதையும் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். "எல்லாம் சரிடி, ஆனா அந்தப் பையன் பொழைச்சுட்டான்ல?" என்கிறாள்.