ஜப்பான் பையர் (துணி வாங்கறவர்) மூணு மாசமா கேள்வி மட்டும் கேக்குறாரு, ஆர்டர் வருமா இல்ல விட்றலாமா?

கொங்கு_நிட்டிங்காரன்:

வணக்கம்ங்க. திருப்பூர்ல சின்ன யூனிட், 28 மிஷின். ரொம்ப வருஷம் பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் பண்ணிட்டு இப்ப ரெண்டு வருஷமாத்தான் சொந்தமா ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதி பண்றதுக்கான கோட் நம்பர்) எடுத்து ஐரோப்பாவுக்கு நேரா அனுப்பிட்டு இருக்கேன். ஒரு ஃபேர்ல ஜப்பான்காரர் ஒருத்தர் ஸ்டாலுக்கு வந்தாரு, மத்ததெல்லாம் விட்டுட்டு பொறந்த குழந்தைக்குப் போடுற ஜப்லாவை மட்டும் எடுத்து உள்பக்கமா திருப்பித் திருப்பி பத்து நிமிசம் பாத்தாரு, ரெண்டு கையிலயும் கார்டைப் புடிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டாரு. ஒசாகால ஹோல்சேல் பண்றவங்களாம்.

அப்பறம் மெயில் வந்துச்சு. 600 பீஸ், ரெண்டு கலர், மூணு சைஸ். நம்ம ஐரோப்பா பையருக்கு ஒரு கலரே 3000 போவும், சரி புது ஊருன்னு சாம்பிள் அனுப்புனேன். பதிலுக்கு 43 கேள்வி! நூல் எந்த மில்லு, டையிங் யாரு, ஊசி உடைஞ்சா என்ன பண்ணுவீங்க, பேக்கிங் ரூம்ல ஸ்டேப்ளர் இருக்கான்னு எல்லாம் கேட்டிருந்தாங்க. ரெண்டாவது சாம்பிளுக்கு ஒரு போட்டோ வந்துச்சு, கையோரத்துல நாலு மில்லிமீட்டர் பிசிறு ஒண்ணு நிக்குது, அதைச் சுத்தி சிவப்புல வட்டம் போட்டு அனுப்பிருக்காங்க. மூணாவதும் அனுப்பியாச்சு. இதுவரைக்கும் ரேட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. கடைசி மெயில்ல "உள்ள பேசி பரிசீலிக்கிறோம்"னு வந்து 18 நாளாச்சு. கூட இருக்கறவங்க எல்லாம் இவங்க டைம் வேஸ்ட், வுடுங்கறாங்க. நீடில் டிடெக்டர் (துணில ஊசித் துண்டு இருந்தா காட்டற மிஷின்) வேற வாங்கணுமாம், அதுக்கே லட்சக்கணக்குல ஆவும். ஜப்பானுக்கு அனுப்பறவங்க யாராச்சும் சொல்லுங்க, பிளீஸ்.

பழைய_செக்கிங்_மாஸ்டர்:

தம்பி, 43 கேள்வி கேட்டான்னா சந்தோசப்படுங்க. பிடிக்கலன்னா அவன் ஒரு கேள்வி கூட கேக்க மாட்டான், நன்றின்னு ரெண்டு வரி போட்டுட்டு அமைதியாயிடுவான். 600 பீஸ்ல லாபம் பாக்காதீங்க, அது உங்களை நோட்டம் பாக்கற ஆர்டர்.

ஊசி விசயத்தை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. ஐரோப்பாவுக்கு ஏக்யூஎல் 2.5ல (எத்தனை குறை வரைக்கும் ஏத்துக்கலாம்ங்கற அளவு) கொஞ்சம் பீஸ் எடுத்துப் பாத்து பாஸ் பண்ணிருவாங்க, நமக்கும் அது பழகிப்போச்சு. இவங்க அப்படி இல்ல, ஒவ்வொரு பீஸும் பாக்கணும். அந்த ஊர்ல 1995ல இருந்து பொருளால கெடுதல் வந்தா தயாரிச்சவன், இறக்குமதி பண்ணவன் பொறுப்புன்னு சட்டம் இருக்கு, குழந்தை சட்டைல ஊசி நுனி ஒண்ணு வந்துச்சுன்னா நம்ம பையர் கதை முடிஞ்சுது. நான் இருந்த கம்பெனில (பேர் வேண்டாம்) ஓவர்லாக்ல (ஓரம் தைக்கற மிஷின்) ஊசி உடைஞ்சுது, அந்தப் பையன் திட்டுவாங்கன்னு பயந்துட்டு சத்தமில்லாம புது ஊசி மாட்டி ஓட்டிட்டான். சாயங்காலம் பழைய ஊசி கணக்கு பாத்தப்ப நுனி மட்டும் காணோம். ராத்திரி ஒரு மணி வரைக்கும் 1100 பீஸையும் பிரிச்சு காந்தம் வெச்சுத் தேடுனோம், கடைசில மிஷினுக்கு அடில தூசியோட கெடந்துச்சு. அதுக்கப்பறம் யார் ஊசி உடைச்சாலும் திட்டறதில்லன்னு ரூல் போட்டோம், எல்லாத் துண்டையும் சேத்து ரெஜிஸ்டர்ல செல்லோடேப் போட்டு ஒட்டணும், தேதி, மிஷின் நம்பர், கையெழுத்து. மொத மொத வந்த ஜப்பான்காரர் ஆபீஸ்ல உக்காரக்கூட இல்ல, நேரா அந்த நோட்டைத்தான் கேட்டாரு.

மிஷின் இப்பவே வாங்க வேண்டாம், மொத ஆர்டருக்கு டிடெக்டர் வெச்சிருக்கற யூனிட்ல பீஸுக்கு இவ்ளோன்னு குடுத்து ஓட்டிக்கலாம். ஆனா காலைல 1.2 மில்லி இரும்புக் குண்டு வெச்ச டெஸ்ட் கார்டை ஓட்டிப் பாத்தாங்களான்னு கூட நின்னு பாருங்க. பாஸான பீஸும் பாஸாகாத பீஸும் ஒரே டேபிள்ல கெடந்தா மிஷின் இருந்தும் பிரயோஜனமில்ல. ஜப்லால ஸ்னாப் பட்டன் இருந்தா டிடெக்டருக்கு ஒத்துவர்றதான்னு மொதல்லயே கேட்டு வாங்குங்க, இல்லன்னா 600ம் கத்தும்.

ஒசாகா_ரிட்டன்:

நான் அங்க ஆறு வருசம் ஒரு டிரேடிங் ஆபீஸ்ல இருந்தேன் (இப்ப கோயமுத்தூர்). ரெண்டு விசயம்.

ஒண்ணு அந்த "பரிசீலிக்கிறோம்". அவங்க பாஷைல கென்தோ ஷிமாஸ்னு சொல்லுவாங்க, முக்கால்வாசி நேரம் அது மரியாதையான "வேண்டாம்"தான். "முசுகாஷீ", அதாவது கஷ்டம்னு சொன்னாலும் அப்படித்தான், நம்மாளுங்க அதைக் கேட்டுட்டு "கஷ்டம்னா என்ன, ரேட் குறைச்சுக்கலாம்"னு ஆரம்பிப்பாங்க, பாக்க சிரிப்பா இருக்கும். ஆனா உங்க கேஸ் வேற மாதிரி தெரியுது, மூணு சாம்பிள் வாங்கிட்டு "உள்ள பேசறோம்"னு சொன்னா நெஜமாவே பேப்பர் ஒவ்வொரு டேபிளா போய் முத்திரை வாங்கிட்டு இருக்கும். ஒருத்தர் முடிவு எடுக்கற ஊர் இல்ல அது. நடுவுல கோல்டன் வீக் லீவு (ஏப்ரல் கடைசி, மே மொத வாரம்) வந்துச்சா, ஆகஸ்ட்ல ஓபோன் (முன்னோர்களை நினைக்கற பண்டிகை லீவு) வந்துச்சான்னு காலண்டரையும் பாத்துக்கோங்க. "ஆர்டர் எப்ப"ன்னு மட்டும் மெயில் போடாதீங்க. பிசிறுக்கு என்ன பண்ணீங்க, எதனால வந்துச்சு, இனி வராம என்ன ஏற்பாடுன்னு போட்டோவோட அனுப்புங்க. பீஸை மாத்தி அனுப்பிட்டா முடிஞ்சுதுன்னு நம்ம நினைக்கறோம், அவங்களுக்கு காரணம் வேணும்.

ரெண்டாவது, ஜப்லாவை ஏன் உள்பக்கமா திருப்பிப் பாத்தாருன்னு உங்களுக்குத் தோணலையா? அங்க பொறந்த குழந்தைக்குப் போடற உள்சட்டைல தையல் வெளிப்பக்கம் இருக்கும், லேபிளும் வெளில, குழந்தை தோல்ல உறுத்தக் கூடாதுன்னு. முன்னாடி மடிச்சு நாடா கட்டற மாதிரி இருக்கும். நம்ம பாட்டி தெச்ச ஜப்லா மாதிரியேதான்! சைஸும் மாசக் கணக்குல சொல்ல மாட்டாங்க, குழந்தை உயரம்தான், 50, 60, 70ன்னு சென்டிமீட்டர். நீங்க அனுப்புன சாம்பிள்ல தையல் எந்தப் பக்கம்?

அனுபவப்பட்டவன்_77:

எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க, நான் கெட்டதைச் சொல்றேன். எனக்கு 2400 பீஸ் மொத்தமா ரிஜெக்ட் ஆச்சு. காரணம் ஷேட், அதாவது கலர் வித்தியாசம். நம்ம கண்ணுக்கு ஒரே நேவி, அவன் லைட் பாக்ஸ்ல (கலர் பாக்கற வெளக்குப் பெட்டி) வெச்சு மூணு நேவின்னான். டிஸ்கவுண்ட் தர்றேன் எடுத்துக்கோன்னு கெஞ்சினேன், தப்பான சரக்கை கம்மி ரேட்டுக்கு வித்தா எங்க பேர் என்னாவும்னு கேட்டான். கடைசில காதர்பேட்டைல (திருப்பூர்ல மிச்ச சரக்கு விக்கற மார்க்கெட்) கிலோ கணக்குல போட்டேன், இன்னிக்கும் அந்தப் பக்கம் போனா மனசு ஒரு மாதிரி ஆயிடும்.

அப்பறம் யென். 2012ல டாலருக்கு 80 யென் சுமாருக்கு இருந்துச்சு, 2024 ஜூலைல 160 தாண்டுச்சு. நம்ம டாலர்ல அதே ரேட் சொன்னாலும் அவனுக்கு ரெண்டு மடங்கு. கடைல விலை ஏத்த மாட்டான், நம்மகிட்டத்தான் அமுக்குவான். 100 சதம் செக்கிங் கூலி, டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் காஸ்டிங்ல ஏத்தாம ஆசைப்பட்டு ரேட் குடுத்துடாதீங்க. எல்சி (பையரோட பேங்க் தர்ற பண உத்தரவாதம்) இல்லாம அனுப்பறதா இருந்தா ஈசிஜிசி (ஏற்றுமதி பண்றவங்களுக்கான இன்சூரன்ஸ்) எடுத்துருங்க. காசு விசயத்துல அவங்க ஏமாத்தி நான் பாத்ததில்ல, அதையும் சொல்லிடறேன்.

லேப்_அக்கா:

டெஸ்டிங் லேப்ல வேலை பாக்கறேன், அதனால ஃபார்மலின் (துணில தங்கி தோலை உறுத்தற கெமிக்கல்) பத்தி மட்டும். ஜப்பான்ல 24 மாசத்துக்குக் கீழ உள்ள குழந்தை துணிக்கு 16 பிபிஎம்தான் (பத்து லட்சத்துல 16 பங்கு) எல்லை, பெரியவங்க உள்ளாடைக்கு 75. உங்க டையிங்ல ஃபிக்ஸர் (கலர் நிக்கப் போடற கெமிக்கல்) சரியா இருந்தாக்கூட ஃபெயில் ஆவலாம், ஏன்னா ஃபார்மலின் பக்கத்துல இருக்கற பொருள்ல இருந்து காத்துலயே துணில ஏறும். ஒரு யூனிட்டுக்கு துணியா டெஸ்ட் பண்ணப்ப பாஸ், தெச்ச பீஸ் ஃபெயில், ஒரு வாரம் மண்டைய ஒடச்சுக்கிட்டாங்க. போய்ப் பாத்தா ஃபினிஷிங் ரூம்ல புது பிளைவுட் ரேக் போட்டு அதுல அடுக்கி வெச்சிருக்காங்க! பிளைவுட் பசைல இருந்து வந்துருக்கு. அதனால செக்கிங் முடிஞ்ச உடனே பீஸ் பீஸா பாலிபேக்ல போட்டு சீல் பண்ணிருங்க, அங்க கடைலயும் குழந்தை துணி அப்படி கவர்லதான் இருக்கும். ஏப்ரல் 2016ல இருந்து ஆசோ டை (ஒரு வகை சாயம்) கட்டுப்பாடும் சட்டமாயிருச்சு, அந்த ரிப்போர்ட்டும் கேப்பாங்க.

பேப்பர்ல ஒண்ணு விட்டுறாதீங்கண்ணா, 2011 ஆகஸ்ட்ல இருந்து நமக்கும் ஜப்பானுக்கும் சீபாங்கற வர்த்தக ஒப்பந்தம் இருக்கு, ஒரிஜின் சர்டிபிகேட் (சரக்கு இந்தியாவுல தயாரானதுங்கற சான்று) எடுத்து அனுப்புனா கார்மென்ட்ஸுக்கு அங்க டூட்டி இல்ல. உங்க பையருக்கு அது பெரிய விசயம். நூல் பில், நிட்டிங் பில் எல்லாம் ஃபைல்ல வெச்சுக்கோங்க. லேபிள் ஜப்பான் எழுத்துல வரணும், வாசகத்தை அவங்ககிட்டயே வாங்குங்க, கூகுள்ல போட்டு நீங்களா அடிச்சுறாதீங்க.

கொங்கு_நிட்டிங்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஒசாகா அண்ணா, நீங்க கேட்டதும் போய் கவுண்டர் சாம்பிளை (நம்மகிட்ட வெச்சிருக்கற அதே மாதிரி பீஸ்) எடுத்துப் பாத்தேன், தையல் உள்ளதான் இருக்கு, கழுத்துக்குப் பின்னாடி பாலியஸ்டர் லேபிள் வேற, நானே தடவிப் பாத்தேன், குத்துது. அந்த 43ல 31வது கேள்வியே "லேபிள் எந்தப் பக்கம் வைப்பீங்க"ங்கறதுதான், நான் "நெக் இன்சைடு"ன்னு ஒரே வரில பதில் போட்டிருக்கேன், என்னத்தச் சொல்ல.

இன்னைக்கு தையல் வெளில வர்ற மாதிரி ப்ளாட்லாக்ல (தட்டையா தைக்கற மிஷின்) ஒரு சாம்பிள் போடச் சொல்லிருக்கேன், பிசிறு ஏன் வந்துச்சுன்னும் பாத்தாச்சு, செயின் கட்டர் (தையல் முடிவுல நூலை வெட்டறது) பிளேடு மழுங்கிப் போயிருக்கு, பழைய பிளேடு புது பிளேடு ரெண்டையும் போட்டோ எடுத்து அனுப்பறேன். லேப் அக்கா, எங்க பேக்கிங்லயும் பிளைவுட் ரேக்தான், போன தீபாவளிக்குப் போட்டது. அதைக் கழட்டிட்டு இரும்பு ரேக் போட்டா போதுமா, இல்ல ரூமையே மாத்தணுமா?

லேப்_அக்கா:

இரும்பு ரேக் போதும்ண்ணா. கதவு சன்னல் தொறந்து வெச்சு நாலு நாள் காத்தாட விட்டுட்டு, ஒரு வெள்ளைத் துணியை ரேக்ல ரெண்டு நாள் வெச்சு எடுத்து, கவர்ல சீல் பண்ணி லேபுக்கு அனுப்புங்க, பாத்துச் சொல்லிடுவாங்க.