விளையாட்டாகப் புது இங்கிலீஷ் சொல் உண்டாக்குவது எப்படி? நம்ம ஊர் உதாரணம் வேண்டும்

காட்பாடி டியூஷன் அக்கா:

வணக்கம். வீட்டு மாடியில் ஏழாவது, எட்டாவது பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். மொத்தம் பதினோரு பேர். கிராமர் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார்கள், சொந்தமாக ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் மட்டும் எல்லாரும் ஃபேனைப் பார்ப்பார்கள். தப்பாகிவிடுமோ என்ற பயம்தான். சரி, அகராதியிலேயே இல்லாத சொல்லை அவர்களே உண்டாக்கி, சிரிக்கிற மாதிரி அர்த்தமும் எழுதட்டும், இல்லாத சொல்லில் யார் ஸ்பெல்லிங் தப்பு பிடிக்க முடியும் என்று நினைத்தேன். ஆனால் நெட்டில் தேடினால் பனி, காபி ஷாப், ஆபீஸ் மீட்டிங் என்றே வருகிறது, பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை. நானாக யோசித்தது ஒன்றே ஒன்று: "ஹீட்டிக்கெட்". ஹீட், எட்டிக்கெட் இரண்டும் சேர்ந்தது. மே மாதம் ஒருவர் வீட்டுக்குப் போனால், ஃபேனுக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலியில் நாமாகப் போய் உட்காராமல் இருக்கும் மரியாதை. சிரித்தார்கள். அப்புறம் எனக்கு அடுத்தது வரவில்லை. உதவுங்கள்.

சத்துவாச்சாரி வாத்தியார்:

ஹீட்டிக்கெட் அருமை, மேடம். அது ஏன் நன்றாக இருக்கிறது என்று பாருங்கள், உங்களுக்கு அடுத்தது தானாக வரும். இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரே ஓசை இருக்கிறது, அங்கேதான் ஒட்டு விழுந்திருக்கிறது. பிரேக்ஃபாஸ்டும் லஞ்சும் பிரன்ச், ஸ்மோக்கும் ஃபாகும் ஸ்மாக், மோட்டாரும் ஹோட்டலும் மோட்டல், எல்லாம் இப்படி இரண்டு சொல்லை ஒட்டியதுதான். இதற்கு போர்ட்மான்டோ என்று பேர் வைத்தவர் லூயிஸ் கரோல், 1871-ல். நடுவில் மடங்கி இரண்டு பக்கமும் துணி வைக்கிற பெட்டிக்கு அந்தக் காலத்தில் அந்தப் பேர். ஒரு சொல்லுக்குள் இரண்டு அர்த்தத்தை மடித்து வைப்பதால் அதையே இதற்கும் வைத்தார். குலுங்கிச் சிரிப்பதற்கு அவர் விளையாட்டாகப் போட்ட சார்ட்டில் என்ற சொல் இன்றைக்கு எல்லா அகராதியிலும் இருக்கிறது.

ஒட்டாமலும் செய்யலாம். புத்தக அட்டையில் ஆகா ஓகோ என்று புகழ்ந்து போடுகிறார்களே, அந்த பிளர்ப் என்பது 1907-ல் ஜெலட் பர்ஜெஸ் என்ற அமெரிக்கர் சும்மா ஓசைக்காக உண்டாக்கியது. ஆனால் பிள்ளைகளுக்கு முதலில் அது வேண்டாம், ஓசை மட்டும் வைத்துச் சிரிக்க வைப்பது கஷ்டம்.

இன்னொன்று, சொல்லிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். தினம் நடக்கிற, ஆனால் பேர் இல்லாத ஒரு சங்கடத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, உட்கார்ந்து, டிக்கெட்டும் வாங்கிவிட்டு, அப்புறமும் பக்கத்து சீட்டுக்காரரிடம் "இது பாகாயம்தானே போகுது?" என்று கேட்கிறோமே, அதற்குப் பேர் என்ன? நான் வைத்த பேர் "பஸ்பிஷன்". சஸ்பிஷனில் ஒரே ஒரு ஓசைதான் மாற்றினேன்.

பாலாறு எக்ஸ்பிரஸ்:

சார் பஸ்பிஷன் செம. பெங்களூரிலிருந்து ஊருக்கு வரும்போது வீட்டில் "ஏன் லேட்டு"ன்னு கேட்டால் "ஆம்பூர்ல டிராஃபிக்"னு சொல்லி வைப்போம், சட்டையில் மட்டும் கத்தரிக்காய் எண்ணெய்க் கறை இருக்கும், அதற்கு நான் வைத்த பேர் "பிரியாலிபை". பிரியாணியும் அலிபையும் (தப்பிக்கச் சொல்கிற சாக்கு). (2019-ல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் பக்கம் போய்விட்டது, எங்களுக்கு மிச்சம் முள்ளுக் கத்தரிக்காய்தான், அந்த வருத்தம் தனிக்கதை.) அப்புறம் "பாலாரிஷ்": பேரும் பாலமும் பெரிசு, உள்ளே ஒன்றும் இருக்காது. உதாரணம், என் பேங்க் அக்கவுன்ட்.

குடியாத்தம் குசும்பன்:

பாலாரிஷ் அர்த்தத்தைத் திருத்துங்க தம்பி. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடினதைப் பார்த்தவன் நான். ஆகவே பாலாரிஷ் என்றால், பல நாள் மணலாகக் கிடந்து ஒரே ஒரு நாள் பெருக்கெடுத்து மறுபடி மணலாவது. இப்போ உங்க அக்கவுன்டுக்கு இன்னும் சரியாகப் பொருந்தும், ஒண்ணாம் தேதியை யோசித்துப் பாருங்க.

அக்காவுக்கு என் பங்கு: கரன்ட் போனதும் சுவிட்சை ஆஃப் பண்ணாமல் ஃபேன் இறக்கையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிற நிலை, "கரன்டிசிபேஷன்". ஆன்டிசிபேஷனோடு சேர்த்தது. இன்னொன்றுக்கு நான் எதையும் ஒட்டவே இல்லை, ரிலேட்டிவ் என்று தமிழில் எழுதிப் பாருங்க, உள்ளேயே "லேட்" உட்கார்ந்திருக்கும். முகூர்த்தத்துக்கு வராமல் முதல் பந்திக்குச் சரியாக வருபவர்.

கவலைப்படும் அப்பா:

எல்லாம் சரி, பரீட்சையில் பையன் பஸ்பிஷன் என்று எழுதி வைத்தால் யார் பொறுப்பு? இருக்கிற இங்கிலீஷே தகராறு. முதலில் உள்ளதைக் கற்றுக்கொடுங்கள்.

சத்துவாச்சாரி வாத்தியார்:

நியாயமான கவலைதான் சார். ஆனால் முப்பது வருஷம் பேப்பர் திருத்தியவன் சொல்கிறேன், ஒட்டத் தெரிந்த பிள்ளைக்குப் பிரிக்கவும் தெரியும். சஸ்பிஷன் தெரியாமல் பஸ்பிஷன் வராது. அப்புறம் இங்கிலீஷ் ஒன்றும் மடி ஆசாரம் பார்க்கிற பாஷை இல்லை. நம்ம கட்டுமரம் அங்கே போய் கேட்டமரான் ஆனது, சுருட்டு ஷெரூட், மிளகுத்தண்ணி முல்லிகட்டானி. போஸ்ட்போனுக்கு எதிராக நம்ம நாட்டு ஆபீசில் புழங்கின பிரிபோன் இப்போது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இருக்கிறது. வேண்டுமானால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மட்டும் எழுதட்டும் என்று ஒரு சட்டம் போட்டுவிடலாம்.

காட்பாடி டியூஷன் அக்கா:

எல்லாருக்கும் நன்றி. கடைசிப் பக்கச் சட்டம் போட்டாயிற்று. நேற்று வாத்தியார் சொன்ன மாதிரி "பேர் இல்லாத சங்கடம்" ஒன்று கொண்டுவரச் சொன்னேன். பாதிப் பேர் பிரியாணியையே பிடித்துக்கொண்டார்கள், அதை விடுங்கள். வந்ததிலிருந்து வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து, "பாய்பாஸ், மிஸ்" என்றான். பிரியாணி பாயா என்று பின்பெஞ்சில் ஒருத்தன் கேட்டான். இல்லையாம், பைபாஸில் ஒரே ஒரு எழுத்து கூட்டி பையனைப் பாஸாக்கியிருக்கிறான். அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளாத நாளில், "சாப்பாடு ரெடின்னு உங்கப்பாகிட்ட சொல்லு", "பசிக்கலைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்று எல்லாம் பிள்ளை வழியாகப் போவது.

வாக்கியத்தில் வைத்துச் சொல் என்றேன். ஃபேனைப் பார்க்காமல் சொன்னான்: "மை ஹவுஸ், லாஸ்ட் டூ டேஸ், ஒன்லி பாய்பாஸ், மிஸ்."

கிராமரைத் திருத்தலாம் என்று வாயெடுத்தேன், விட்டுவிட்டேன்.