அதிகாலை 5 மணிக்கு வண்டி எடுப்பவர்களும் பக்கத்துக் கூடாரமும்

கேம்பில் பைக் சத்தம் பற்றி நடக்கிற சண்டையெல்லாம் சைலன்சரில் ஆரம்பித்து சைலன்சரிலேயே முடிகிறது. பக்கத்துக் கூடாரத்தில் படுத்திருப்பவரின் பொறுமையைக் கரைப்பது வேறு: வண்டி நகராமல் எத்தனை நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது. 20 வினாடியில் கடந்து போகிற வண்டிக்குப் புரண்டு படுத்துவிடுவார்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடினால் ஜிப்பைத் திறந்துகொண்டு வெளியே வருவார்கள்.

காட்சி எங்கேயும் ஒன்றுதான். முதலில் ஸ்டார்ட். பிறகு ஹெல்மெட், பிறகு ஜாக்கெட். ஒரு கையுறை மட்டும் காணோம். டேங்க் பேக் பட்டை இறுகவில்லை. போனில் வழி பார்க்க வேண்டும், அதற்காகப் போட்ட கையுறையைக் கழற்ற வேண்டும். இவ்வளவும் என்ஜின் ஓட ஓட. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். எல்லாம் மாட்டி, வழி பார்த்து, சைடு ஸ்டாண்டை மடித்து, கடைசியில் ஸ்டார்ட். ஸ்டாண்டை மறந்து கியர் போட்டால் பல வண்டிகளில் என்ஜின் அணையும், ஸ்டார்டர் மோட்டார் இன்னொரு முறை கத்தும்.

‘என்ஜின் சூடாக வேண்டாமா?’ என்று உடனே கேட்பார்கள். ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அரை நிமிடம் தாராளம். ஆயில் பிரஷர் சில வினாடியில் ஏறிவிடும். முதல் சில கிலோமீட்டரை ஆக்ஸிலேட்டரை அதிகம் முறுக்காமல் ஓட்டினால் நின்றுகொண்டு சூடாக்குவதைவிடச் சீராகச் சூடாகும். சோக் போட்டு எடுக்க வேண்டிய கார்புரேட்டர் வண்டிக்குத்தான் கொஞ்ச நேரம் வேண்டும். அதைக் கேம்புக்கு வெளியே வைத்துச் செய்யலாம்.

*

வெளியே என்றால் எவ்வளவு தூரம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டரில் ஐட்லிங் (நின்றபடி ஓடும்) சத்தம் 80 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். 1 மீட்டரில் 74, 2-ல் 68, 4-ல் 62, 8-ல் 56, 16-ல் 50, 32-ல் 44. தூக்கம் கெடாமல் இருக்க, படுக்கையறைக்குள் தனித்தனிச் சத்தங்கள் 45 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டுதல் சொல்கிறது. கூடாரத் துணி சத்தத்தைத் தடுக்காது. ஆகவே கூடாரத்துக்கு வெளியே இருக்கிற அளவுதான் உள்ளேயும். இந்த வண்டியை ஒரு 30 மீட்டர் தள்ளிப் போய் எடுத்தால் போதும்.

அதே இடத்தில் 90 காட்டும் சைலன்சர் என்றால் 64 மீட்டரிலும் 48 இருக்கும், 128 மீட்டரில் 42. 45-க்கு இறங்க ஏறத்தாழ 90 மீட்டர் வேண்டும். சைலன்சர் மாற்றியவர் மூன்று மடங்கு தூரம் தள்ள வேண்டும் என்பதே இதன் பொருள். வெறும் 10 டெசிபெல்தானே என்று தோன்றும், காதுக்கு அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

போன் ஆப்பில் அளப்பவர்கள் கவனிக்க: சைலன்சர் வாய் உயரத்தில், அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் பிடிக்க வேண்டும். நேர் பின்னால் பிடித்தால் புகை அடித்து அளவு தாறுமாறாகும். இன்னொன்று, ஆப் காட்டுவது பெரும்பாலும் ஏ-வெயிட்டிங் அளவு. அது அடித்தொனியைக் குறைத்துத்தான் கணக்கில் எடுக்கும். பெரிய வி-ட்வின் (வி வடிவில் இரண்டு சிலிண்டர்) என்ஜினின் ‘தப்-தப்’ அடி எண்ணில் சிறிதாகத் தெரிந்தாலும் படுத்திருப்பவர் நெஞ்சில் கேட்கும்.

*

மேலே சொன்ன 30 மீட்டர் பகலுக்குச் சரி. காற்றில்லாத தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலே வெதுவெதுப்பான அடுக்கு நிற்கும். மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து கீழே வரும். ஏரிக்கரையில் இது இன்னும் மோசம், எதிர்க்கரையில் பேசுவதுகூடக் கேட்கும். அதிகாலையில் 50 மீட்டராக வைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளுவதிலும் ஒரு முறை இருக்கிறது. பெட்டியெல்லாம் மாட்டிய 200 கிலோ வண்டியைச் சரளையில் ஏற்றத்தில் தள்ள முடியாது, முயன்றால் இடுப்புதான் போகும். அதனால் முந்தின நாள் நிறுத்தும்போதே முகப்பு வெளிவாசலைப் பார்த்து இருக்கட்டும். நியூட்ரல், இடப்பக்கம் நின்று வலது இடுப்பைச் சீட்டில் சாய்த்து, இரண்டு விரல் முன்பிரேக்கில். இறக்கமானால் ஏறி உட்கார்ந்து உருட்டலாம். ஆனால் சாவியை ஆஃப் செய்துவிட்டு உருட்டுவது ஆபத்து, விளக்கும் இருக்காது, ஏபிஎஸ்ஸும் வேலை செய்யாது. சாவி ஆன், கில் சுவிட்ச் (ஹேண்டிலில் என்ஜினை மட்டும் நிறுத்தும் சுவிட்ச்) ஆஃப். கீழே போனதும் இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டு உதறி எடுக்காதீர்கள், கில் சுவிட்சை ஆன் செய்து பட்டனை அழுத்தினால் போதும்.

*

வாங்கும்போது இல்லாத சத்தம் இப்போது வருகிறது என்றால் மூன்று இடம் பார்க்க வேண்டும்.

முதலாவது டிபி கில்லர், அதாவது சத்தத்தைக் குறைக்கச் செருகும் சிறு குழாய். பெரும்பாலும் சைலன்சர் வாயில் ஒரே ஒரு போல்ட்டில் நிற்கும். அதிர்வில் போல்ட் தளர்ந்து, வழியில் எங்கேயோ விழுந்தும் போயிருக்கும்.

இரண்டாவது சைலன்சருக்குள் இருக்கிற பஞ்சு. கண்ணாடி இழையோ பசால்ட் இழையோ, சூட்டில் கருகிப் பொடியாகி வெளியே போய்க்கொண்டேதான் இருக்கும். சத்தம் கூர்மையாக, தகரம் தட்டுவது மாதிரி ஆகும், மேல் உறை முன்பைவிடச் சூடாகும். மாற்றுவது அரைநாள் வேலை. மூடி 4.8 மி.மீ. ரிவிட்டில் நின்றால் 5 மி.மீ. பிட்டால் தலையைத் துளைத்து எடுங்கள். மூடியைக் கழற்றி, துளைக்குழாயை உருவி, கம்பி பிரஷ்ஷால் கரியைச் சுரண்டி, புதுப் பஞ்சைச் சுற்றி உள்ளே தள்ளுங்கள். இங்கேதான் பலரும் தப்புச் செய்கிறார்கள். கெட்டியாக இருந்தால் நல்லது என்று நினைத்துத் திணிப்பார்கள். இழைகளுக்கு நடுவில் காற்று இருந்தால்தான் சத்தத்தை உறிஞ்சும், திணித்தால் உறிஞ்சாது. தளர்வாக விட்டாலோ சீக்கிரம் பறந்துவிடும். கையால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும், அதுதான் அளவு. மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம்.

மூன்றாவது, என்ஜினும் சைலன்சர் பைப்பும் சேரும் இடத்து கேஸ்கெட், கசிவை அடைக்கும் வளையம். குளிர்ந்த என்ஜினில் ‘டிக் டிக்’ என்று வந்து சூடானதும் குறைந்தால் அங்கே கசிவு. சுற்றிலும் கரி படிந்திருக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சரில் பட்டாசு வெடிப்பதற்கும் பலமுறை இதுவே காரணம்: வெளிக்காற்றை உள்ளிழுத்து, எரியாமல் வந்த பெட்ரோல் பைப்புக்குள் பற்றுகிறது. கழற்றினால் பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடக் கூடாது. ஒருமுறை நசுங்கியது மறுபடி அடைக்காது.

*

சைலன்சரை விடுங்க, ராத்திரி 11 மணிக்கு வந்து சேர்ற வண்டியைப் பாருங்க. பல கேம்புல அமைதி நேரம் 10 மணிக்கே ஆரம்பிச்சிடும். அதுக்கு மேல வந்தா இடம் தேடி உள்ள ஒரு ரவுண்டு அடிக்காதீங்க. வாசல்லயே அணைச்சு, டார்ச்சோட நடந்து போய் இடத்தைப் பார்த்துட்டு வந்து உருட்டுங்க. ஹெட்லைட் தானா எரியற வண்டியில ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு கூடாரம் வெளிச்சமாகும்.

அலாரம் இருந்தா ஷாக் சென்சரைக் குறைச்சு வைங்க, முடிஞ்சா அணைச்சிடுங்க. காத்துல மேல்கவர் படபடன்னு அடிச்சாலே சிலது கத்தும். லாக் பண்ணும்போது வர்ற ‘பீப்’பையும் பல மாடல்ல நிறுத்தலாம். என்ஜினை அணைச்ச பிறகும் சில வண்டியில ரேடியேட்டர் ஃபேன் கொஞ்ச நேரம் சுத்தும், அதை ஒண்ணும் பண்ண முடியாது.

யாரும் சொல்லாத ஒண்ணு: காதுல பிளக், தலையில ஹெல்மெட்டோட பேசறவங்களுக்குத் தாங்க கத்தறது தெரியாது. “டீ இங்க குடிக்கலாமா, போற வழியிலயா?”ன்னு ஒருத்தர் கேட்டா கேம்பே எழுந்திரிக்கும். இன்டர்காம் இருக்கு, இல்லேன்னா கை ஜாடை இருக்கு. அலுமினியப் பெட்டி மூடியைக் கையால தாங்கி இறக்குங்க. மூட்டையை முந்தின ராத்திரியே கட்டிடுங்க.

*

கூட்டமாகப் போகிறவர்களுக்கு: ஒரே மாதிரி இரண்டு வண்டி சேர்ந்தால் 3 டெசிபெல்தான் கூடும், பத்து சேர்ந்தால் 10. ஆகவே பத்தும் ஒன்றாக எடுத்து ஒரு நிமிடத்துக்குள் வெளியேறுவது, ஒவ்வொன்றாக எடுத்து 15 நிமிடம் இழுப்பதைவிட எவ்வளவோ மேல். கடைசி ஆளும் ஹெல்மெட் மாட்டி, கை தூக்கிக் காட்டிய பிறகே முதல் வண்டி.

*

தூங்குகிறவர் பக்கத்திலிருந்து ஒன்று. ஓடுகிற வண்டிக்கு முன்னால் போய் நின்று கத்த வேண்டாம். ஹெல்மெட்டுக்குள் அது கேட்கவும் கேட்காது, கையசைப்பு மட்டும் சண்டைக்கு வருவதாகத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம், அவர்கள் அடுப்பு மூட்டும்போது போய், “எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க?” என்று கேளுங்கள். நாலரை என்று பதில் வந்தால், “வண்டியை இப்பவே வாசல்கிட்ட நிறுத்திட்டீங்கன்னா நல்லா இருக்கும்” என்று சொல்லலாம். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், இருட்டில் தள்ளும் வேலை அவர்களுக்கும் மிச்சம்.

வாசலில் விடுகிறவர்கள் டிஸ்க் லாக் (பிரேக் தட்டில் மாட்டும் பூட்டு) போடுவார்கள். ஹேண்டிலிலிருந்து அதற்கு நினைவுக்கயிறு ஒன்று கட்டிவையுங்கள். மறந்து தள்ளினால் அரைச் சுற்றில் முன்சக்கரம் நின்று வண்டி சாயும், 200 கிலோ சரளையில் விழுகிற சத்தத்துக்கு எந்தப் பஞ்சும் கிடையாது.