பிரேமும் ஆணியும் இல்லாம ஊர்ப் படத்தை வாடகை வீட்டுல மாட்ட

மார்த்தாண்டத்துல இருந்து இங்கிலாந்து கிளம்பப் போற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார்: "அண்ணே, கண்ணாடி போட்ட படத்தை அப்படியே கொண்டு போன்னு அம்மா சொல்றாங்க, பெட்டியில வைக்கலாமா?" வைக்காதீங்க தம்பி. கண்ணாடியையும் பிரேமையும் ஊர்லயே கழட்டிட்டு படத்தை மட்டும் எடுத்துக்கோங்க. ஏற்கெனவே வந்து இறங்கினவங்களுக்கும் சேர்த்தே எழுதுறேன்.

கழட்டும்போது கவனம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ரெண்டு பருவமழையும் உண்டு, போதாததுக்குக் கடல் ஈரம். பழைய போட்டோ கண்ணாடியோட ஒட்டிப் போயிருக்கும். பிய்ச்சு எடுத்தா முகமே உரிஞ்சு வந்துரும். ஒட்டியிருந்தா கண்ணாடியோடயே ஸ்கேன் பண்ணி, புதுசா பிரிண்ட் போட்டுக்கோங்க. மத்த படங்களுக்கு பிளம்பிங் கடையில நாலு இஞ்ச் பிவிசி பைப் ஒரு துண்டு வெட்டி வாங்குங்க. பட்டர் பேப்பர் வச்சுத் தளர்வா சுருட்டி உள்ள விட்டுருங்க. கேன்வாஸ்னா பெயிண்ட் பக்கம் வெளியில இருக்கணும்.

இனி சுவர். இங்க இங்கிலாந்துல உள்சுவர் நிறைய இடத்துல ஜிப்சம் பலகைதான், ஆணி பிடிமானம் இல்லாம ஆடும். நான் முதல் வீட்டுல நாலு ஆணி அடிச்சேன், காலி பண்ணும்போது டெபாசிட்ல பிடிச்சுட்டாங்க. இங்கிலாந்துல பெரும்பாலான வாடகை வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல டெபாசிட் வாங்கக் கூடாது, வாங்கின 30 நாளுக்குள்ள அரசு அங்கீகரிச்ச திட்டத்துல போடணும். அப்படியிருந்தும் ஓட்டைக்குக் காசு கேப்பாங்க.

அதை விட வலிச்சது வேற. எங்க அப்பா பள்ளிக்கூடத்துல டிராயிங் மாஸ்டர். மாத்தூர் தொட்டிப்பாலத்தை வாட்டர் கலர்ல வரைஞ்சு குடுத்தார். பறளியாத்துக்கு மேல கால்வாய்த் தண்ணி கொண்டு போக 1966-ல கட்டின பாலம், அந்த 28 தூணையும் நின்னு எண்ணினவர் அவர். நான் அதை நாலு மூலையிலயும் நீலப் பசை (புளூ டாக்) உருட்டி ஒட்டினேன். ஆறு மாசத்துல பசையோட எண்ணெய் ஊறி, வானம் இருந்த இடத்துல ரெண்டு கறை. இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு.

அதுக்கப்புறம் என் வீட்டுல ஒரே விதி: பசை சுவரைத் தொடலாம், படத்தைத் தொடக் கூடாது.

நான் செய்றது இதுதான். ஊர்ல இருந்து மெல்லிசான தும்புக் கயிறு (தேங்காய் நார்க் கயிறு) ரெண்டு மீட்டர் கொண்டு வந்தேன். சுவருல கமாண்ட் கொக்கி (ஆணி இல்லாம பசைப் பட்டையில ஒட்டுற கொக்கி) ரெண்டு ஒட்டி, கயிறை இழுத்துக் கட்டி, மரத் துணி கிளிப்புல படத்தைத் தொங்க விடுறேன். கிளிப் தடம் விழாம இருக்க நடுவுல ஒரு துண்டு காகிதம் மடிச்சு வைங்க. கொக்கி ஒட்டுறதுக்கு முன்னால சுவரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைங்க, சோப்புத் தண்ணி வேண்டாம். 30 விநாடி அழுத்திப் பிடிச்சு, ஒரு மணி நேரம் கழிச்சுதான் பாரம் ஏத்தணும். எடுக்கும்போது பட்டையை நம்ம பக்கமா இழுக்காதீங்க, சுவரோட ஒட்டினாப்ல கீழ் நோக்கி மெதுவா இழுங்க. வால்பேப்பர் மேல இதை ஒட்டவே ஒட்டாதீங்க.

பெரிய படத்துக்கு மேலயும் கீழயும் காந்தம் வச்ச மரப்பட்டை விக்குது, போஸ்டர் ஹேங்கர்னு கேளுங்க. பழைய விக்டோரியா காலத்து வீடு கிடைச்சா, சீலிங்குக்குக் கொஞ்சம் கீழ சுத்திலும் ஒரு மரவிளிம்பு ஓடுதான்னு பாருங்க. படம் மாட்டவே வச்சது அது, வளைஞ்ச கொக்கியை மேல மாட்டினா போதும்.

வெளிச்சுவரோட உள்பக்கத்துல மாட்ட வேண்டாம். குளிர்காலத்துல வேர்த்து பூஞ்சை பிடிக்கும். ஜன்னல் வெயில் நேரா விழுற இடமும் ஆகாது, வாட்டர் கலர் வெளுத்துரும்.

ஆஸ்திரேலியா போறவங்க கயிறு, ஓலை, மரச்சாமான் எது இருந்தாலும் விமான நிலையத்துல மறைக்காம எழுதிக் குடுங்க.

ஒண்ணு விட்டுப் போச்சு. படத்துக்குப் பின்னால பென்சில்ல விவரம் எழுதி வைங்க, பேனா மை முன்பக்கம் ஊறும். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வீடியோ காலில் கூப்பிட்டு, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: மாத்தூர், பறளியாறு, காலை வெளிச்சம்.